வாடி பிரிக்கும் கட்டளை

பள்ளிவாசல்துறை
2024 ஜூலை 6

அன்புத் தம்பி யூட்டுக்கு,

தலவில் கோயில் அன்னம்மாளின் காவலில் நானும் கில்பட்டும் பிள்ளை ஷானிகாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் டோஹாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டையும் நீ செய்யமாட்டாய் என்று தெரியும். நம்பிக்கை வேறு, தெரிவது வேறு.

ஒன்றரை வருடமாகக் கிறிஸ்மஸ் வாழ்த்தைத் தவிர ஒன்றும் எழுதாத அக்கா திடீரென்று ஈமெயில் போடுகிறாளே என்று பயப்படாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

நான் வேலை செய்த நண்டு பொதிசெய்யும் கொம்பனி பூட்டிய பிறகு, சனி ஞாயிறுகளில் புத்தளத்துக்குப் போய் வெப்சைட் செய்யும் வகுப்பு ஒன்று படித்தேன். உனக்குச் சொல்லவில்லை. பாதியில் விட்டால் சிரிப்பாய் என்று வெட்கம். முப்பத்தாறு வயதில், ஏ.எல். பரீட்சை எழுதிய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்து முடித்தேன். இப்போது கொழும்பில் ஒரு சின்னக் கொம்பனி என்னை மூன்று மாதப் பரீட்சைக் காலத்துக்கு எடுத்திருக்கிறது. கடற்றொழில் சங்கங்களுக்காக ஒரு வெப்சைட் செய்கிறார்கள். யார் எந்த வள்ளத்தில் போனார், எப்போது கரை திரும்பினார் என்று பதிகிற காரியம். கரையை அறிந்த ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். வீட்டிலிருந்தே வேலை. ஓகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம், ஒக்டோபர் கடைசியில் முடிவு சொல்வார்கள்.

அதற்கு முதல், ஜூலை 31க்குள், ஒரு நிபந்தனை. அவர்களுடைய வேலையை டொக்கர் என்ற ஒன்றுக்குள் போட்டு, என் லெப்டொப்பில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும். இங்கிலீஷில் ஒரு பக்கம் விளக்கம் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. சேர்த்து வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கயிறு இழுத்துத் தோள் விலகியதிலிருந்து கில்பட்டால் கடலுக்குப் போக முடியவில்லை. கரையில் கிழிந்த வலை பொத்துகிறார். என் பாஸ்போட் மே மாதத்திலிருந்து சிலாபத்தில் ஏஜென்சிக்காரனிடம் கிடக்கிறது. இந்த வேலை நிலைக்காவிட்டால் நவம்பரில் குவைத், யாரோ ஒருவருடைய குசினியில் சமையல், இரண்டு வருடம். ஷானிகாவுக்கு ஏழு வயது. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன் எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், அழுதுகொண்டு கட்டளை அடிக்க முடியாது. எழுது. எழுதினால் பார்த்துப் பார்த்து அடிப்பேன்.

சின்ன வயதில் உன் மூக்கைத் துடைத்துவிட்ட உரிமையில் கேட்கும்,
அக்கா மெலனி


டோஹா
2024 ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இங்கே வெயில் நாற்பத்தைந்து. அத்தானின் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் விடாமல் கொடுங்கள். ஷானிகாவுக்கு முத்தம்.

நீங்கள் படித்தது எனக்குச் சிரிப்பு இல்லை அக்கா. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பெருமையாக இருந்தது.

இனி டொக்கர். கொம்பனிக்காரருக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி லெப்டொப். ஒருவருக்கு ஓடுவது மற்றவருக்கு ஓடாது. அதனால் அந்த வெப்சைட்டுக்கு என்னென்ன தேவையோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த மூட்டைக்குப் பெயர் இமேஜ். அதை உங்கள் லெப்டொப்பில் அவிழ்த்துக் கட்டினால் அது கொண்டெய்னர். பருவத்துக்கு அப்பாவோடு நாங்கள் தீவுக்கு வாடி, அந்த மீன்பிடிக் குடிசை, போடப் போன மாதிரி என்று நினையுங்கள். கம்பு, கிடுகு, பானை, உப்பு, தண்ணீர்க் கலன் எல்லாம் இங்கிருந்தே போகும். தீவில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கரையில் கட்டினாலும் வாடி ஒன்றுதான்.

முதலில் லெப்டொப்பின் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். நான்கு என்றால் போதாது, எட்டு வேண்டும். பயோஸ் என்ற இடத்தில் வேர்ச்சுவலைசேஷன் என்பதைத் திறக்க வேண்டும்; அதை நீங்கள் தொடாதீர்கள், கடையில் செய்யச் சொல்லுங்கள். பிறகு டொக்கரை இறக்கிப் போட்டு, அவர்கள் தந்த ஃபோல்டருக்குள் போய் இதை அடியுங்கள்:

docker compose up

வேலை முடிந்ததும் தினமும் பிரித்துவிடுங்கள், லெப்டொப்புக்குப் பாரம் குறையும். பிரிக்கிற கட்டளை:

docker compose down

அதன் கடைசியில் -v என்று சேர்த்தால் வெறும் மணல்தான் மிஞ்சும். அப்பா சொல்வது நினைவிருக்கிறதா? “பிரிச்சா ஒரு கயித்துத் துண்டும் கரையில கிடக்கக்கூடாது.” அது மாதிரி.

எங்கே தடைப்பட்டாலும் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிறிஸ்மஸுக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி,
யூட்


பள்ளிவாசல்துறை
2024 ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். கில்பட்டின் தோளுக்கு ஒத்தடம் நடக்கிறது; கொடுப்பவள் நான், முனகுபவர் அவர். நீ சுகமா? கிறிஸ்மஸுக்கு வரப் பார்ப்பதாக எழுதியிருந்தாய். ஆறு வருடமாகப் பார்க்கிறாய், கண் வலிக்கவில்லையா?

மெமரி நான்குதான் இருந்தது. புத்தளத்தில் அம்ஜத்தின் கடைக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது முட்டை பொரிக்கிற சட்டி. நீங்க கலியாணச் சோறு ஆக்கக் கேக்கிறீங்க” என்றான். இன்னொரு நான்கு போட்டு, நீ சொன்ன அந்த நீளப் பெயரையும் திறந்துவிட்டான்.

வீட்டில் சிக்னல் இல்லை. நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி தெரிகிற மேட்டில்தான் கொஞ்சம் பிடிக்கும். மூன்று நாள் அங்கே ஒரு தென்னையின் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்து மூட்டையை இறக்கினேன். சோளகக் காற்றில் மண் பறக்கிறது. கில்பட் மற்றக் கையால் குடை பிடித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று விசாரித்தார்கள். வெளிநாட்டில் யாருக்காவது கலியாணமா என்று ஒருவர் கேட்டார்.

எல்லாம் இறங்கி, நீ சொன்ன கட்டளையை அடித்தேன். பத்து வரி வெள்ளையாக ஓடி, பதினோராவது வரி சிவப்பாக நின்றுவிட்டது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 31ஆம் திகதிக்கு இன்னும் பத்து நாள். எனக்குப் பயமாக இருக்கிறது யூட். உன்னிடம்தான் சொல்கிறேன், கில்பட்டிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

எப்போது வருவாய் என்று ஒரு திகதி எழுது.

அக்கா மெலனி


டோஹா
2024 ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. புத்தளம் வகுப்பில் உங்களுக்கு ஒரு சர்வர் போட்டுத் தந்திருக்கிறார்கள். லெப்டொப்பைத் திறந்ததும் அது தானாக ஓடத் தொடங்கி, போர்ட் என்கிற வாசலைப் பிடித்துக்கொள்கிறது. கொண்டெய்னருக்கும் அதே வாசல்தான் வேண்டும், அதனால்தான் சண்டை. பழைய சர்வரை நிறுத்திவிட்டுத் திரும்ப அடியுங்கள். எப்படி நிறுத்துவது என்று நான்கு படம் எடுத்து இணைத்திருக்கிறேன், அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

அது சரிவராவிட்டால் உடனே எழுதுங்கள். எந்த நேரம் என்றாலும் பார்ப்பேன்.

தம்பி,
யூட்


பள்ளிவாசல்துறை
2024 ஓகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

அன்னம்மாள் கைவிடவில்லை. ஜூலை 29ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு என் லெப்டொப்பில் அந்த வெப்சைட் திறந்தது. முதல் பக்கத்தில் ஒரு வள்ளத்தின் படம், வேறொன்றுமில்லை. நான் சத்தம் போட்டதில் கில்பட் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார், பாம்பு என்று நினைத்து.

உடனே உனக்கு எழுத நினைத்தேன். தலவில் திருநாளுக்கு வந்த சனம் முழுக்க போனும் கையுமாக நின்றதில், ஒரு கிழமைக்கு இந்தப் பக்கம் யாருக்கும் சிக்னல் இல்லை. அந்த மனிசிக்குத் தன் திருநாளில் என் ஈமெயிலையும் பார்க்க நேரம் இருந்திருக்காது.

வேலை தொடங்கிவிட்டது. எனக்கு மேலே நிஃப்லா என்று ஒரு பிள்ளை, கொழும்பு, முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரி, கொஞ்சம் கண்டிப்பு. அவர்கள் தந்த மாதிரிப் பட்டியலில் ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்றுதான் இருந்தது. கரையில் இருக்கிற மாதிரிப் பெயர், வள்ளம், திகதி எல்லாம் போட்டு உங்கள் லெப்டொப்பில் செய்து பாருங்கள் என்றாள். செய்கிறேன். காலையில் எழுந்து பெயர்களை அடித்து முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி. சாயந்தரம் நீ சொன்னபடி வாடியைப் பிரித்துவிட்டு எழும்புவேன்.

செப்டெம்பர் 14 அப்பாவின் மூன்றாம் ஆண்டுப் பூசை. சனிக்கிழமையில் வருகிறது. கில்பட் நேற்று, “அவன் இந்தத் தரமாவது வருவானா?” என்று கேட்டார். கேட்கவில்லை என்று நடித்தேன். உன்னிடம் நானும் கேட்கவில்லை, திகதியை மட்டும் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா மெலனி


டோஹா
2024 செப்டெம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாற்பது நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். இங்கே வேலை கூடிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நான் இங்குள்ள கோயிலுக்குப் போனேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இன்று திரும்ப வாசித்தபோது ஒரு வரி இடித்தது. தினமும் காலையில் பெயர்களை அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெயர்கள்? நேற்று அடித்தது எங்கே போனது? உடனே எழுதுங்கள்.

தம்பி,
யூட்


பள்ளிவாசல்துறை
2024 செப்டெம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். பூசை நன்றாக நடந்தது. உன் பெயரையும் சொல்லித்தான் ஃபாதர் மன்றாடினார். வேறு ஒன்றும் நான் கேட்கப்போவதில்லை.

நேற்று அடித்தது எங்கே போனது என்று நீயே கேட்கிறாயே? நீ சொன்னதைத்தான் செய்கிறேன். சாயந்தரம் வேலை முடிந்ததும் -v போட்டுச் சுத்தமாகப் பிரித்துவிடுவேன், ஒரு கயிற்றுத் துண்டும் மிஞ்சாது. காலையில் திரும்பக் கட்டினால் எல்லாம் வெறுமையாக இருக்கும். அறுபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், வள்ளம், போன திகதி, வந்த திகதி, வீட்டு நம்பர். நாலரைக்கு எழுந்தால் முடிய ஏழு ஆகும். ஓகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கியது, ஞாயிறும் பூசை நாளும் போக, நேற்றோடு நாற்பத்தொரு காலை. இப்போது பார்க்காமலே அடிப்பேன்.

நிறையப் பேர் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் தொழில் என்றால் தொழில். அப்பாவும் ஒவ்வொரு பருவமும் முதலிலிருந்துதானே கட்டினார்.

கரண்ட் போனால்தான் கஷ்டம். நடுப்பகலில் கரண்ட் வராத நாளில் பாதி வேலையும் நிற்கும். போன கிழமை நிஃப்லா, நீங்கள் நல்லாச் செய்கிறீர்கள், ஆனால் மெதுவாகச் செய்கிறீர்கள், மற்ற இருவரும் உங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கூடப் பயம். ஒக்டோபர் 31க்கு ஐந்து கிழமை இருக்கிறது. ஏஜென்சிக்காரன் மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கேட்டு இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான்.

ஷானிகாவின் தலையை இப்போது கில்பட்தான் பின்னுகிறார், நான் காலையில் அடித்துக்கொண்டு இருப்பதால். வலை முடிச்சுப் போடுகிறார். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்களாம்.

அக்கா மெலனி


டோஹா
2024 செப்டெம்பர் 22, மாலை

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட இப்போது எனக்கு வாய் வரவில்லை.

பிழை என்னுடையது. முழுக்க என்னுடையது. வாடி என்று சொன்னேன், வலையைச் சொல்ல மறந்துவிட்டேன். வாடி பிரிக்கும்போது கிடுகைக் கழற்றி அந்தக் கரையிலேயே எரிப்போம். வலையையும் சேர்த்தா எரிப்போம்? அது வீட்டுக்கு வரும். நீங்கள் அடிக்கிற பெயர்கள்தான் வலை. அவை வொல்யூம் என்ற தனி இடத்தில் இருக்கின்றன. வெறும் down போட்டால் வாடி மட்டும் பிரியும், வொல்யூம் அப்படியே இருக்கும். -v போட்டால் வலையும் சேர்ந்து எரியும். நாற்பத்தொரு நாள் உங்களை வலையை எரிக்கவிட்டு, அடுத்த நாள் புதிதாகப் பின்னவிட்டிருக்கிறேன். வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்கமாட்டார்கள். அப்பாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருத்திக்குத்தான் மிச்சம் வைப்பது கூச்சமாக இருக்கும். அது தெரிந்தும் அவருடைய வாயை வைத்துச் சொன்னேன்.

இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு வரி. ஏன் அக்கா ஒருநாளாவது என்னிடம் கேட்கவில்லை? கேட்கிற மாதிரி நான் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இனி இப்படிச் செய்யுங்கள். அறுபத்திரண்டு வரியையும் ஒரே ஒரு தரம் ஒரு ஃபைலில் எழுதுங்கள். எந்த மாதிரி எழுத வேண்டும், எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று கீழே போட்டிருக்கிறேன். கடைசியாக ஒருமுறை -v போட்டுப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். டேட்டாபேஸ் வெறுமையாக இருந்தால் அந்த ஃபைலைத் தானே வாசித்து எல்லாப் பெயரையும் நிரப்பிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் கை அந்த -v பக்கமே போகக்கூடாது.

ஃபைலை எனக்கு அனுப்புங்கள். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் ஓடாது, நான் பார்த்துத் தருகிறேன்.

அத்தானிடம் சொல்லுங்கள், நாளை மறுநாளிலிருந்து பின்னல் திரும்ப உங்கள் கைக்கு வருகிறது என்று.

யூட்


பள்ளிவாசல்துறை
2024 செப்டெம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

ஆனைக்கும் அடி சறுக்கும், விடு. முதலில் இரண்டு மணித்தியாலம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு கில்பட்டிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தோள் பிடித்துக்கொண்டது. அதோடு என் கோபமும் போய்விட்டது.

ஃபைல் எழுதினேன். நேற்றுக் காலையில் கட்டளையை அடித்துவிட்டு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் அறுபத்திரண்டு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஷானிகாவை எழுப்பித் தலை பின்னினேன். அவளுக்கு நித்திரை, திட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ஃபைலில் ஒரு நம்பரைத் திருத்தும்போது கரண்ட் போய், ஒரு வரி பாதியில் நின்ற மாதிரி. அதனால் ஃபைலையும் முழு ஃபோல்டரையும் அனுப்புகிறேன். நிஃப்லாவிடம், என் தம்பி பார்ப்பான், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒருதரம் நீயும் ஓடவிட்டுப் பார்.

உடம்பைக் கவனி. பதிலை இந்தத் தரமாவது சுணக்காதே.

அக்கா மெலனி


டோஹா
2024 ஒக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகம் என்று எழுதினால் பொய்.

ஐம்பத்து நான்காவது வரியில் ஒரு காற்புள்ளி குறைந்திருந்தது. திருத்தி அன்றைக்கே உங்களுக்கு அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும். அதோடு சேர்த்துக் கடிதம் எழுதத்தான் முடியவில்லை.

நேற்று உங்கள் ஃபோல்டரை இங்கே ஓடவிட்டுப் பார்த்தேன். உங்கள் மேசையில் இருக்கிற மாதிரியே என் மேசையிலும் எல்லாம் அப்படியே திறந்தது. பெயர்களை மேலிருந்து வாசித்தேன். எங்கள் தீவுக் கரையின் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அறுபத்தொரு வரி பச்சை. முப்பத்தேழாவது வரி சிவப்பு. யூட். வள்ளம் அன்னம்மாள். போன திகதி 2018 பெப்ரவரி 11. வந்த திகதி வெறுமை. பக்கத்தில் அந்த வெப்சைட் தானே கணக்குப் பார்த்து எழுதியிருந்தது: கடலில் 2441 நாள்.

அக்கா, அந்த வெறுமையை நீங்கள் வைத்தீர்களா? வைத்திருந்தால் சரிதான். கேட்கிறேன், அவ்வளவுதான்.

பருவம் முடியுமுன் யாரும் வாடியை விட்டுப் போவதில்லை. உங்களுக்கும் தெரியும். டோஹாவுக்கு முன்னால், அந்தக் கொழும்பு வேலைக்குக் கடிதம் வந்ததும், பருவத்தின் நடுவில் காலையில் வள்ளம் ஏறினேன். அப்பாவிடம், “நான் போறன்” என்றேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைத் திருப்பவே இல்லை. என்னைத் தலைமுழுகிவிட்டார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா போனபோது விமானம் ரத்து என்று எழுதினேன் இல்லையா? ரத்தாகவில்லை. டிக்கெட் இருந்தது, கையில் பை இருந்தது. விமான நிலையத்துக்குள் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன். என் பக்கம் முகம் திருப்பாத மனிதரை அந்த நிலையில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கவும் தைரியம் இல்லாமல் போனது.

எழுதிவிட்டேன். இனி நீங்கள் என்ன எழுதினாலும் வாசிப்பேன்.

யூட்


பள்ளிவாசல்துறை
2024 ஒக்டோபர் 21

என் தம்பி யூட்டுக்கு,

இன்றைக்கு எங்கள் சுகத்தைப் பற்றி ஒன்றுமில்லை. நீ சாப்பிட்டாயா? சாப்பிட்டுவிட்டு வாசி.

விமானம் ரத்தாகவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கில்பட் போனில் பார்த்தார், அது இறங்கிவிட்டது. உன்னிடம் சொல்லி உன்னை வெட்கப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். விட்டது பிழை. மூன்று வருடம் நீ அதைச் சுமந்திருக்கிறாய்.

அந்த வெறுமையை நான் வைக்கவில்லை. அறுபத்திரண்டு பேரையும் நான் எங்கிருந்து எடுத்தேன் என்று நினைத்தாய்? அப்பா வாடியில் வைத்திருந்த சீ.ஆர். நோட்டுக் கொப்பி. கரையை விட்டு யார் வள்ளம் ஏறினாலும், தொழிலுக்கோ கற்பிட்டிக்குச் சாமான் வாங்கவோ, பெயரும் திகதியும் எழுதுவார். திரும்பிக் கால் வைத்ததும் பக்கத்தில் வந்த திகதி போடுவார். 2018 பெப்ரவரிப் பக்கம்தான் நிரம்பியிருந்தது, அதைத்தான் பார்த்து அடித்தேன். உன் பெயருக்கு நேரே அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொப்பியில் இருந்தபடி நானும் விட்டேன்.

வாடியை விட்டு ஒரேயடியாகப் போனவனின் பெயரை அப்பா எப்படி வைப்பார் என்று உனக்குத் தெரியுமா? ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு வெட்டுவார். கில்பட்டின் தம்பி மேசன் வேலைக்கு நீர்கொழும்புக்குப் போனபோது அவன் பெயரை வெட்டியிருக்கிறார், அதே பக்கத்தில். உன் பெயரை வெட்டவில்லை. அது மட்டுமில்லை. பருவம் தொடங்கும் ஒவ்வொரு ஒக்டோபரும் புதுக் கொப்பி தொடங்குவார். முதல் பக்கத்தில் உன் பெயர், போன திகதி அதே 2018 பெப்ரவரி 11, வந்த இடம் வெறுமை. 2018, 2019, 2020. மூன்று கொப்பி. அடுத்த கொப்பி வாங்க அவர் இருக்கவில்லை. நேற்று மூன்றையும் எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன், படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்று அவர் ஏன் முகத்தைத் திருப்பவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. தெரிந்த மாதிரிச் சொல்லி உன்னை ஆற்றவும் மாட்டேன். கொப்பியில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். அப்பா உன்னைக் கடலில் இருக்கிற ஆளாகத்தான் வைத்திருந்தார். கடலில் இருக்கிற ஆளின் பெயரை அவர் ஒருநாளும் வெட்டமாட்டார்.

ஒன்று சொல்லவா? ஆள் திரும்பாவிட்டால் சிவப்பாகக் காட்டுகிறதா என்பதுதான் அந்த வெப்சைட்டின் முக்கியமான சோதனை. ஒவ்வொரு வேலை நாள் காலையும் நிஃப்லாவின் பக்கத்தில் அது தானாக ஓடும். என் பட்டியலில் திரும்பாத ஆள் ஒருவன்தான். நாற்பத்தொரு காலை உன் பெயரை அடித்துவிட்டு, அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாண்டிப் போனேன். ஒவ்வொரு தரமும் விரல் கொஞ்சம் நிற்கும்.

வா. திட்டமாட்டேன். கில்பட் கொஞ்சம் திட்டுவார், அதைக் கேட்டுக்கொள்.

அக்கா


டோஹா
2024 நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்தத் தரம் உண்மை.

படங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன். அப்பாவின் எழுத்தில் ‘யூட்’ இன்னும் அதே மாதிரிச் சாய்ந்துதான் இருக்கிறது.

டிசெம்பர் 14 சனிக்கிழமை காலையில் இறங்குகிறேன். டிக்கெட்டின் படம் இணைத்திருக்கிறேன், அத்தான் போனில் பார்த்துக்கொள்ளட்டும். இந்த விமானத்தில் நான் இருப்பேன். சிலாபம்வரை ரயில், பிறகு பஸ். யாரும் எடுக்க வர வேண்டாம், நானே வருகிறேன்.

31ஆம் திகதி போய்விட்டது. முடிவைக் கேட்கப் பயந்து இவ்வளவு நாள் இருந்தேன். எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
யூட்


பள்ளிவாசல்துறை
2024 நவம்பர் 30

அன்புத் தம்பி யூட்டுக்கு,

நாங்கள் மூவரும் பூரண சுகம். உன் டிக்கெட்டைக் கில்பட் நான்கு பேருக்குக் காட்டிவிட்டார்.

சுணங்கியதற்கு மன்னி. கையில் கடிதம் கிடைக்கும்வரை எழுதுவதில்லை என்று இருந்தேன். நேற்றுக் கிடைத்தது. ஒக்டோபரில் நான் மற்ற இருவரையும் எட்டிப் பிடித்துவிட்டேனாம். நிரந்தரம். நிஃப்லா போன் எடுத்து, “மெலனி அக்கா, அந்த முதல் ஒன்றரை மாதம் உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற விளக்கத்தில் -v பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். தமிழில் நானே எழுதிக் கொடுத்தேன்: வலையை எரிக்க வேண்டாம்.

இன்று காலையில் சிலாபத்துக்குப் போய்ப் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏஜென்சிக்காரன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை அலுமாரியில், ஷானிகாவின் ஞானஸ்நானச் சட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். குவைத் என்று ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

நீ வந்ததும் முதலில் சாப்பாடு. நண்டு சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு கல்லறை. அதற்குப் பிறகு அப்பாவின் கொப்பி. அதில் நான் கை வைக்கவில்லை. வந்த திகதியை நீதான் எழுத வேண்டும். பேனை மேசை லாச்சியில் இருக்கிறது.

நீ எழுதிய பிறகு என் பட்டியலிலும் முப்பத்தேழாவது வரியில் அதே திகதியைப் போடுவேன். சிவப்பு வரி ஒன்றும் மிஞ்சாது, சோதனை தோற்றுப்போகும். நிஃப்லாவுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். 16ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் அது தோற்கும், யாரும் பயப்பட வேண்டாம், ஆள் கரைக்கு வந்துவிட்டான் என்று.

அக்கா மெலனி